ஈசான மூலையில் ஒரு முறுக்கு

கான்கிரீட் பீமைப் பிடித்து முறுக்குவதுதான் என் படிப்பு. கோவைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் பாடம் எடுக்கிறேன். முனைவர் பட்டத்துக்காகச் சில வருடங்கள் ஆய்வகத்திலேயே கிடந்தேன். பீம்களை வார்த்து, ஆறவைத்து, இயந்திரத்தில் பொருத்தி, மேலிருந்து அழுத்திக்கொண்டே பக்கவாட்டில் திருகி, அதையும் விட்டு விட்டு, அதிர்கிற மாதிரி செய்து, அவை எப்படி உடைகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் என் ஆராய்ச்சியை விசாரித்த சித்தப்பா, "நாங்கெல்லாம் ஒடையாம இருக்கோணும்னு கட்டறோம். நீ ஒடைக்கறதுக்குனே படிச்சியா அம்மணி?" என்றார். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

விஷயம் அவ்வளவு கடினமானது அல்ல. பீமின் மேல் பாரம் வைத்தால் வளையும். தூணுக்குப் பக்கத்தில் அதே பாரம் பீமைக் கத்தரிக்கப் பார்க்கும். பாரம் நேராக இல்லாமல் ஒரு பக்கமாகத் தள்ளி நின்றால், ஈரத்துண்டைப் பிழிவதுபோலத் திருகவும் பார்க்கும். கத்தரிப்பதும் திருகுவதும் சேர்ந்து தாளம் போட்டுக்கொண்டு வந்தால், உள்ளே ஓடும் நீளக் கம்பி மட்டும் போதாது. அந்தக் கம்பிகளைச் சுற்றி வரிசையாக மாட்டியிருக்கும் சதுர வளையங்கள், கட்டட வேலையில் ரிங் என்பார்கள், அவைதான் பீமைப் பிடித்து நிறுத்த வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்கத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். கேட்கிற மாணவர்களில் பெரும்பாலோர் மென்பொருள் வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

நாங்கள் சிங்காநல்லூரில் குடியிருந்தது இரண்டு வீதிகள் கூடும் முனையில் இருந்த ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடி. கீழே பேக்கரி, நடுவில் ஒரு காலி ஹால். கட்டடத்துக்காரர் ஒரு காலத்தில் மோட்டார் பம்பு பட்டறை வைத்திருந்தவர். பட்டறையை மகன்களிடம் விட்டுவிட்டு, கட்டட ஓனர் என்பதையே முழுநேரத் தொழிலாகச் செய்துகொண்டிருந்தார். காலையில் குளித்துத் திருநீறு பூசி, எதிர்ப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து கட்டடத்தைப் பார்ப்பார். அவர் பார்ப்பது முக்கியமாக அந்த முனையைத்தான். முதல் மாடி அங்கே வீதியின் மேல் அரைவட்டமாகத் தள்ளிக்கொண்டு நிற்கும், நன்றாகச் சாப்பிட்ட வயிறு மாதிரி. அதைத் தாங்கும் பீமும் வில்லாக வளைந்து, ஒரு வீதித் தூணிலிருந்து மறு வீதித் தூணுக்குப் போகும். நடுவில் தாங்கல் கிடையாது.

"பில்லரே இல்லாம நிக்குது பாருங்கம்மணி," என்பார். "வாரவங்க போறவங்கெல்லாம், எப்படீங்க நிறுத்துனீங்கன்னு கேக்கறாங்க."

நானும் அதையேதான் கேட்டேன். அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

"கம்பிங்கம்மணி! இஞ்சினீரு சொன்னதுக்கு மேல ரெட்டிப்பாப் போட்டுப்போட்டேன். அந்த ரிங்குதான் பக்கம் பக்கமா மாட்டச் சொன்னாரு. அது கம்பி நகராம இருக்கறதுக்குக் கட்டறது, அதுக்கு எதுக்குங்க அத்தனை? ஒண்ணு உட்டு ஒண்ணு போதும்னுட்டேன்."

திருகலைத் தாங்க வேண்டிய ரிங்கில்தான் அவர் பாதியைக் குறைத்திருந்தார். எங்கள் வீடு பின்பக்கம், நேரான தூண்களின் மேல் நின்றது. அதனால் எனக்கும் கணவருக்கும் ஆபத்து இல்லை. தள்ளி நின்ற அந்த வயிற்றுக்குக் கீழேதான் பேக்கரி இருந்தது. அங்கே எந்நேரமும் பத்துப் பேராவது நின்று டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் ஹால் காலியாக இருக்கும் வரை பாரம் குறைவு என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அந்த ஹாலை ஒரு ஜும்பா வகுப்புக்கு வாடகைக்கு விட்டார்.

நடனம் சொல்லித்தர வந்த பெண் சிரித்த முகம், பெரிய ஸ்பீக்கர். முதலில் சேர்ந்தவர் கட்டடத்துக்காரரின் மனைவி. சர்க்கரை இருந்தது, மருத்துவர் நடக்கச் சொல்லியிருந்தார், நடப்பது அவருக்குப் பிடிக்காது. அவர் சேர்ந்ததும் சுற்று வட்டாரத்து அக்காமார்கள் எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள். காலை ஆறரைக்கு ஒரு கூட்டம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகு இன்னொரு கூட்டம். கண்ணாடி ஜன்னல்கள் எல்லாம் வீதிப் பக்கம் இருந்ததால், வெளிச்சத்துக்காக எல்லோரும் ஆடியது அந்த வயிற்றுப் பகுதியில்தான்.

பேக்கரியில் டீ கிளாஸ்கள் கிணுகிணுக்க ஆரம்பித்தன. பேக்கரிக்காரர் சாமர்த்தியசாலி. "மெதுவான பாட்டுக்கு ஒண்ணும் ஆகறதில்லீங் மேடம். ரொம்ப வேகமா போட்டாலும் பரவால்லீங்க. நடுவுல ஒரு பாட்டு வருது பாருங்க, அதுக்குத்தான் கிளாஸ் தானா நடக்குது," என்றார். சிந்திவிடக் கூடாது என்ற காரணத்தைச் சொல்லி டீயைக் கிளாஸில் முக்கால் அளவோடு நிறுத்தினார். விலை முழு அளவுக்கே இருந்தது.

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு தளத்துக்கும் தனக்கென்று ஓர் ஆட்ட வேகம் உண்டு. குதிப்பவர்களின் தாளம் அதோடு ஒத்துப்போனால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். அந்தப் பாட்டு எதுவென்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். நல்ல பாட்டுதான்.

ஆடி மாதத் தள்ளுபடிக்காகப் பேக்கரிக்காரர் முகப்பிலிருந்த பெயர்ப் பலகையைக் கழற்றி வேறு மாட்ட ஆள் கூப்பிட்டிருந்தார். நான் கல்லூரிக்குக் கிளம்பிக் கீழே வந்தபோது பலகை இறங்கியிருந்தது. வளைந்த பீமின் வெளிப்பக்கம் முதல்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. தூணுக்கு அருகில் சாய்வாக மூன்று விரிசல்கள். கழுத்தை ஒடித்து அடிப்பக்கம் பார்த்தேன். அங்கேயும் தொடர்ந்தன. திருகாணியின் மரையைப் போலப் பீமைச் சுற்றிக்கொண்டு போயின. ஆய்வகத்தில் எத்தனையோ முறை பார்த்த அதே விரிசல். சொல்ல வெட்கமாக இருக்கிறது, முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். புத்தகத்தில் வரைந்ததுபோல இருந்தது. கைபேசியில் படம் பிடித்தேன். அதன் பிறகுதான் நான் நின்றிருந்த இடம் உறைத்து, தள்ளி நின்றேன்.

கட்டடத்துக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இது ஏர் கிராக்குங்கம்மணி."

மயிரிழை விரிசலுக்கு ஆங்கிலத்தில் ஹேர் கிராக் என்று சொல்வதைக் கட்டட வேலையில் இப்படித்தான் ஆக்கிவைத்திருக்கிறார்கள். ஏர் என்றால் காற்று. "காத்து போயிட்டு வர்றதுக்குக் கட்டடமே உட்டுக்கற கீறலு. ஒண்ணும் ஆகாதுங்க. பட்டி பாத்துட்டாப் போதும்."

"அண்ணா, இது வேற. பீம் திருகிக்கிட்டு இருக்கு."

"அப்படீங்களா? சித்தெ உள்ள வாங்க." பேக்கரிக்குள் அழைத்துப்போய்ப் பீமின் உட்பக்கத்தைக் காட்டினார். "இதைப் பாருங்க, கண்ணாடியாட்டம் இருக்குது. ஒரு கீறல் இருக்குதுங்களா?"

இல்லைதான். கத்தரிக்கிற விசையும் திருகுகிற விசையும் வெளிப்பக்கம் ஒன்றோடொன்று கூடும். உட்பக்கம் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். அதனால் உட்பக்கம் கடைசிவரை நல்ல பிள்ளையாகவே இருக்கும். இதை விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டு, "அப்ப உள்பக்கம் நல்லாருக்குதுன்னு நீங்களே ஒத்துக்கறீங்க," என்றார்.

பையில் சாக்பீஸ் இருந்தது. இரு முனையையும் பிடித்து எதிரெதிராகத் திருகிக் காட்டினேன். பட்டென்று சுருள்வாட்டில் உடைந்தது. "பாருங்க, அதே சாய்வு."

"அதுக்குத்தானுங்கம்மணி நாம சாக்பீஸ்ல கட்டல. நல்ல சிமென்ட்டா வாங்கிக் கட்டிருக்கறோம்," என்றார். பேக்கரிக்காரர் தலையைத் திருப்பிக்கொண்டு பப்ஸ் அடுக்கினார்.

பெண்கள் குதிப்பதுதான் பிரச்சினை என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நானும் அதை ரோசனை பண்ணாம இல்லீங்க. ஆனா குதிக்கறப்போ கால் தரையிலயே இல்லீங்களே? பாதி நேரம் பாரமே இல்லைன்னுதான அர்த்தம்?"

மேலே போனவர்கள் கீழே வந்தாக வேண்டும், வரும்போது தங்கள் எடையைவிட அதிகமாக இறங்குவார்கள் என்று சொன்னேன். அவர் இரண்டு கைகளையும் கூப்பிக் கும்பிட்டு, கட்டாயம் பார்த்துச் செய்யலாம், நல்லவேளை நீங்க சொன்னீங்க, காபி சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். இந்த ஊர் மரியாதையில் இது ஒரு சிக்கல். நம்மை மறுத்துவிட்டார்கள் என்பதே வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போதுதான் தெரிகிறது.

அவர் பார்த்துச் செய்தார். பெயிண்டர் வந்து விரிசலில் பட்டி மாவை அப்பி அடைத்தார். புதுப் பலகை அதன் மேல் ஏறியது. அவினாசியிலிருந்து ஒரு வாஸ்துக்காரர் வந்து காம்பஸை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மூன்று தளமும் ஏறி இறங்கினார். முனை வடகிழக்கு, ஈசனுக்குரிய ஈசான மூலை, அங்கே பில்லர் வைக்காமல் விட்டது பூர்வ புண்ணியம், விரிசலுக்குக் காரணம் எதிர்வீட்டுக் கண்ணேறு என்று கண்டுபிடித்தார். ஒரு பெரிய வெள்ளைப் பூசணிக்காயைக் கட்டித் தொங்கவிடச் சொன்னார். எங்கே தொங்கவிட்டார்கள்? அதே பீமில். இருக்கிற பாரம் போதாதென்று.

கல்லூரியில் அதிர்வை அளக்கும் கருவி ஒன்று உண்டு. துறைத்தலைவரிடம் கேட்டேன். சந்தோஷமாகத் தருகிறேன் என்றார், ஆனால் அது சும்மா போகக்கூடாது, சமுதாயத்துக்குக் கல்லூரி ஆற்றும் தொண்டாகப் போக வேண்டும். எனவே பேனர் அடித்தார்கள். பேக்கரி முன்னால் நாற்காலி போட்டார்கள். கட்டடத்துக்காரருக்குப் பொன்னாடை. அன்று அவ்வளவு உற்சாகமாக அவரை நான் பார்த்ததே இல்லை. மரியாதைக்காக ஜும்பாவை நிறுத்திவைத்திருந்தார்கள். ஆகையால் கருவி பதிவு செய்தது துறைத்தலைவரின் உரையால் ஏற்பட்ட அதிர்வை மட்டுமே. அது மிகவும் குறைவாக இருந்தது. "பாத்தீங்களா!" என்றார் கட்டடத்துக்காரர்.

மறுநாள் கருவியைத் திருப்பிக் கொடுக்கும் முன் நானே ஹால் தரையில் வைத்து, வகுப்பு நடக்கும்போது அளந்தேன். அந்தப் பாட்டு வந்ததும் திரையில் கோடுகள் உயர்ந்துகொண்டே போயின. பாட்டு முடிந்த பிறகும் தளம் சற்று நேரம் ஆடி, அதன் பிறகே அடங்கியது.

வகுப்பு முடிந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு கட்டடத்துக்காரரின் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒல்லியான உடம்பு, கணீர்க் குரல்.

"என்ன கண்ணு, டிவி பொட்டியாட்டம் வெச்சுப் பாத்துக்கிட்டே இருக்கற?"

சொன்னேன். ஓரளவு முழுமையாகவே சொன்னேன். கம்பி, ரிங், தாளம், விரிசல் எல்லாம்.

"அதெல்லாம் இருக்கட்டும். கட்டடம் உழுகுமா, உழுகாதா? அதைச் சொல்லிப்போடு."

"அப்படி உறுதியாச் சொல்ல முடியாதுங்க அக்கா. கான்கிரீட்டோட தரம் தெரியணும், உள்ள எத்தனை ரிங் இருக்குன்னு ஸ்கேன் பண்ணணும், எத்தனை தடவை இந்த ஆட்டம் ஆடியிருக்குங்கறதைப் பொறுத்து..."

"இத்தனை வருஷம் படிச்சு, உழுகுமா உழுகாதான்னு தெரியாதா கண்ணு உனக்கு?"

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "தெரியாதுங்க. ஆனா நான் அந்த எடத்துல குதிக்க மாட்டேன். அதுக்குக் கீழ நின்னு டீ குடிக்கவும் மாட்டேன்."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "இதைய மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று எழுந்து போனார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பின் ஆண்டு விழா. ஹாலில் இரு வேளைக் கூட்டமும் சேர்ந்து ஆடுவதாக ஏற்பாடு. அதை வேறு இடத்துக்கு மாற்ற, கட்டடத்துக்காரரின் மனைவியான அந்த அக்கா தனக்குத் தெரிந்தவரை முயன்றிருக்கிறார். வீட்டில் பெரிய பேச்சு நடந்திருக்கிறது. கட்டடத்துக்காரர், பொன்னாடை வாங்கிய மனிதர், விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் அக்கா ஜெயித்தார். ஆடுகிறவர்கள் எல்லோரும் ஹாலின் பின்பாதியில்தான் நிற்க வேண்டும், வயிற்றுப் பகுதியில் பார்வையாளர்களுக்கு நாற்காலி. பேக்கரிக்காரரிடம் நான் தனியாகப் போய், முன்பக்கக் கண்ணாடி அலமாரியை இரண்டு நாளைக்கு உள்ளே தள்ளிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். விழாக் கூட்டத்துக்கு வியாபாரம் கெட்டுப்போகும் என்று தயங்கினார். கடைசியில் ஆட்களை நிற்கவிடாமல் கயிறு கட்டினார், அலமாரியை மட்டும் நகர்த்தவில்லை.

விழா காலை பத்து மணிக்குத் தொடங்கியது. நான் எதிர்ப்பக்கம், கட்டடத்துக்காரரின் வழக்கமான இடத்துக்குப் பக்கத்தில் நின்றேன். முதல் சில பாட்டுகள் ஒழுங்காகப் போயின. பிறகு அந்தப் பாட்டு. உட்கார்ந்திருந்த பார்வையாளர்களால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், ஒவ்வொருவராக எழுந்து நாற்காலியை ஒதுக்கிவிட்டு ஆட ஆரம்பிக்கிறார்கள். பூசணிக்காய் தலையாட்டத் தொடங்கியது. நான் வீதியைக் கடந்து ஓடினேன். படியில் பாதி ஏறியிருப்பேன், கீழே பெருஞ்சத்தம்.

பீம் விழவில்லை. அதன் வெளிமுகத்துக் கான்கிரீட் ஒரு பாளமாகப் பெயர்ந்து, பெயர்ப் பலகையையும் பூசணிக்காயையும் இழுத்துக்கொண்டு கண்ணாடி அலமாரியின் மேல் இறங்கியிருந்தது. தேன் கேக்கும் கண்ணாடித் தூளும் ஒன்றாகக் கிடந்தன. கயிறு கட்டியிருந்ததால் அங்கே யாரும் இல்லை. பேக்கரிக்காரர் அடுப்புப் பக்கம் நின்று, கையில் வடிகட்டியோடு, வாயைத் திறந்தபடி இருந்தார்.

மேலே போய்ப் பாட்டை நிறுத்தி எல்லோரையும் பின்படி வழியாக இறக்கினோம். நடனம் சொல்லித்தரும் பெண் அழுதுகொண்டே ஒவ்வொருவராக எண்ணி இறக்கினாள். எல்லோரும் வந்துவிட்டார்களா என்று நானும் ஒரு முறை எண்ணிப் பார்த்தேன். வீதியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

பீமின் உள்ளே இப்போது எல்லோருக்கும் தெரிந்தது. தடித் தடியாக நீளக் கம்பிகள். ரிங்குகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக. அவற்றின் முனைகள் உள்நோக்கி மடக்கப்படாமல் விடப்பட்டிருந்ததால், மூடியிருந்த கான்கிரீட் போனதும் கை விரித்ததுபோலத் திறந்துகொண்டு நின்றன.

கட்டடத்துக்காரர் அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கூடியிருந்தவர்களைப் பார்த்து, "பீம் நின்னுபோச்சு பாருங்க. வேற கட்டடமா இருந்தா உழுந்திருக்கும்," என்றார். "ரெட்டிப்புக் கம்பி. பூச்சு வேலையை மட்டும் திருப்பிப் பண்ணிப்போட்டா..."

அவர் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நீல நிறச் சட்டை, ஓடும் காலணி, தலையில் இன்னும் மல்லிகைச் சரம்.

"ஏனுங்க, இந்த எடம் யாரு குடுத்தது?"

அவர் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார்.

"எங்கப்பன் குடுத்தது. பத்தரம் எம் பேருல இருக்குது. இந்த மூலையில பில்லரு வெக்கறீங்களா, இல்ல நான் இடிக்கச் சொல்லட்டுங்களா?"

"ஈசான மூலைங்கறாங்க அம்மணி..."

"ஈசானத்துல அத்தனை பேரும் போய்ச் சேந்திருப்போமுங்க. இந்தக் கண்ணு என்ன சொல்லுதோ அதைய செய்ங்க." வீதியில் உட்கார்ந்திருந்த என்னைக் கை காட்டினார். நான் சொல்வதைக் கேட்கும்படி அவ்வளவு பேர் முன்னால் கல்லூரியில்கூட யாரும் சொன்னதில்லை.

அன்று மாலையே இரும்பு ஜாக்கி முட்டுகள் வந்து வயிற்றைத் தாங்கின. எனக்குத் தெரிந்த கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை வரவழைத்தோம். அவர் ஸ்கேன் செய்து, கணக்குப் போட்டு, வளைவின் நடுவில் அஸ்திவாரத்திலிருந்து ஒரு தூண் எழுப்பச் சொன்னார். பீமைச் சுற்றி நெருக்கமாகப் புது ரிங்குகள் கட்டி, முனைகளை உள்ளுக்குள் மடக்கி, மேலே புதுக் கான்கிரீட் போட்டார்கள். வேலை நடந்த நாட்களில் கட்டடத்துக்காரர் ஒவ்வொரு ரிங்கையும் தானே இழுத்துப் பார்த்தார். தூண் எழும் சமயம் வாஸ்துக்காரர் மறுபடி வந்து, தூண் வட்டமாக இருந்தால் தோஷமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். வட்டமாகவே வைத்தார்கள். விசைகளுக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

வகுப்பு குளத்தங்கரைப் பக்கம் தரையோடு தரையாக ஒரு கூடத்துக்குப் போய்விட்டது. அக்கா என்னையும் சேர்த்துவிட்டார். எனக்குத் தாளம் வராது என்பது அங்கே போன பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

கட்டடத்துக்காரர் இப்போது வேறு மனிதர். திருகலுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் "டார்ஷன்" என்ற சொல் அவர் வாயில் ஒட்டிக்கொண்டது. முழங்கால் வலித்தால் டார்ஷன், மருமகள் முகம் திருப்பினால் டார்ஷன். யார் வீடு கட்டினாலும் போய் நின்றுவிடுவார். போன மாதம் தாராபுரத்தில் அவருடைய மைத்துனர் புது வீடு கட்டுகிறார் என்று என்னையும் அக்காவையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார். அங்கே கம்பி கட்டியிருந்த பீம்களைத் தட்டித் தட்டிப் பார்த்து, ரிங் ஏன் நெருக்கமாக வேண்டும், அதன் முனை ஏன் உள்ளே மடங்க வேண்டும் என்று மைத்துனருக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். பிழை இல்லாமல் சொன்னார். என் மாணவர்கள் அவ்வளவு நன்றாகச் சொல்ல மாட்டார்கள்.

மைத்துனர் கைகட்டி நின்று, "ஆமாங்க மாப்ள, ஆமாங்க," என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு எங்களைச் சாப்பிட உட்காரவைத்து, தானே பரிமாறினார். எனக்கு இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டே மெல்லக் குனிந்து கேட்டார்.

"எல்லாஞ் சரிங்கம்மணி. மொட்டை மாடியில ஒரு ஓரமா, சித்தெ வெளிய தள்ளி, நீச்சல் கொளம் ஒண்ணு வெக்கலாம்னு பசங்க ஆசைப்படறாங்க. தண்ணி அலையடிச்சா ஒண்ணும் ஆகாதுங்களே?"

கட்டடத்துக்காரர் இலையிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அக்காவும் பார்த்தார். பாடம் நீளும் என்று தெரிந்ததால், நான் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னேன்.